பெரிய டயர் உரசுவது எங்கே? ரிம் ஆஃப்செட் தேர்வுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

மாருதி சுசுகி ஜிம்னிக்கு, கம்பெனி டயரைவிடப் பெரிய 235/75 ஆர்15 டயர் மாட்டியாகிவிட்டது. நேர் ரோட்டில் சத்தமே இல்லை. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்ப ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நெகட்டிவ் ஆஃப்செட் ரிம் போடுங்க, சரியாயிடும்." சில வண்டிகளில் சரியாகிறது. சில வண்டிகளில் உள்ளே உரசிக்கொண்டிருந்த டயர் வெளியே உரச ஆரம்பிக்கிறது, அதுவும் முன்பைவிடப் பலமாக. ஆஃப்செட் டயரைச் சின்னதாக்குவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். உள்ளே எத்தனை மில்லிமீட்டர் மிச்சப்படுகிறதோ, வெளியே அத்தனை மில்லிமீட்டர் செலவாகும்.

ரிம்மை முன்னாலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்க நடுவில் ஒரு கோடு. சக்கரம் மாட்டும் ஹப்பில் போய் ஒட்டி உட்காரும் தட்டையான முகம் ஒன்று இருக்கிறதல்லவா, ஸ்டட் ஓட்டைகள் இருக்கும் இடம், அதற்கு இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். ஒட்டும் முகம் நடுக்கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம். முகம் ரோட்டுப் பக்கம், அதாவது வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ். அப்போது ரிம்மின் பெரும்பகுதி வண்டிக்குள் ஒளிந்துகொள்ளும். முகம் உள்பக்கம் தள்ளியிருந்தால் நெகட்டிவ்; ரிம் வெளியே துருத்தும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். எண் குறையக் குறைய டயர் வெளியே வரும். +30 இலிருந்து +10 க்குப் போனால் இன்னும் பாசிட்டிவ்தான், ஆனாலும் டயர் 20 மி.மீ. வெளியே வந்துவிட்டது.

ரிம்மில் '15 x 6 ஜே' (15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம்) என்பதற்குப் பக்கத்தில் 'இ.டி.' என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். ஐன்பிரஸ்டீஃபே என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. எண் எப்போதும் மில்லிமீட்டரில் இருக்கும். அமெரிக்க ரிம்களில் 'பேக்ஸ்பேசிங்' என்ற அளவை அங்குலத்தில் தருவார்கள். அது ஒட்டும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்புவரை உள்ள தூரம். பழைய ரிம் வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும், ஏனென்றால் அச்சு அழிந்துபோன ரிம்மையும் இதை வைத்து அளந்துவிடலாம். ரிம்மின் வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். மேலே உள்ள விளிம்பின் குறுக்கே ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து, அதிலிருந்து ஒட்டும் முகம்வரை ஸ்கேலை இறக்கி அளக்க வேண்டும். 84 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ரிம்மின் மொத்த அகலத்தை, விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்தால் 178 மி.மீ. அதில் பாதி 89. எண்பத்து நான்கில் எண்பத்தொன்பதைக் கழித்தால் மைனஸ் 5. அதுதான் ஆஃப்செட்.

ஒரு சின்ன எச்சரிக்கை. '6 அங்குல ரிம்' என்பது டயர் உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கு இடையே உள்ள அளவு. விளிம்புகளின் தடிமனையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறக்குறைய 7 அங்குலம் வரும். பேக்ஸ்பேசிங் கணக்கில் இந்த ஓர் அங்குலத்தை மறந்தால் அரை அங்குலம் தவறிப்போகும். உரசலில் அரை அங்குலம் என்பது பெரிய தூரம்.

இனி ஜிம்னியை வைத்தே கணக்குப் போடுவோம். 2018 இல் வந்த தலைமுறைக்கும், 2023 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டிக்கும் கம்பெனி டயர் 195/80 ஆர்15. ரிம் 5.5 ஜே அகலம், ஆஃப்செட் +5. ஐந்து ஸ்டட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. டயரின் விட்டம் 693 மி.மீ. வருகிறது: அகலம் 195 மி.மீ., அதில் 80 சதவீதமான 156 பக்கச்சுவரின் உயரம், அது இரண்டு பக்கமும் சேர்ந்து 312, அதோடு 15 அங்குல ரிம்மின் 381. இதே வழியில் 235/75 ஆர்15 க்கு 733.5. ஆக ஹப்பிலிருந்து எல்லாத் திசையிலும் 20 மி.மீ. கூடுதல். அகலம் 195 இலிருந்து 235. ஆனால் 235 என்பது 6.5 ஜே ரிம்மில் அளந்த அளவு. 6 ஜே ரிம்மில் மாட்டினால் சுமார் 5 மி.மீ. குறைந்து 230 ஆக நிற்கும். கம்பெனி 5.5 ஜே ரிம்மிலேயே இந்த டயரை ஏற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 6 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. குறுகிய ரிம்மில் பக்கச்சுவர் பிதுங்கும், வளைவில் வண்டி ஊசலாடும்.

இப்போது ஹப் முகத்திலிருந்து டயரின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்க்கலாம். சூத்திரம் எளிது. உள்ளே: டயர் அகலத்தில் பாதி, கூட்டல் ஆஃப்செட். வெளியே: பாதி, கழித்தல் ஆஃப்செட். கம்பெனி அமைப்பில் உள்ளே 102.5, வெளியே 92.5.

புதிய டயரை 6 ஜே அகலமுள்ள +5 ரிம்மில் போட்டால் உள்ளே 120, வெளியே 110. இரண்டு பக்கமும் 17.5 கூடுகிறது.

0 ரிம்மில் உள்ளே 115, வெளியே 115.

−5 ரிம்மில் உள்ளே 110, வெளியே 120. உள்ளே 7.5 மட்டும் கூடுதல், வெளியே 27.5.

−20 ரிம்மில் உள்ளே 95, வெளியே 135. உள்ளே கம்பெனி அமைப்பைவிடவும் 7.5 அதிக இடம் கிடைக்கிறது. வெளியே 42.5 துருத்துகிறது.

காகிதத்தில் பார்த்தால் −20 தான் ஜெயித்த மாதிரி தெரியும். ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தால் கதை வேறு.

முன்சக்கரம் தன் நடுவில் திரும்புவதில்லை. ஆக்சிலின் முனையில் உள்ள கிங்பின் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சு ரிம்மோடு நகராது. எனவே டயரை வெளியே தள்ளத் தள்ள, திரும்பும்போது அதன் ஓரங்கள் போடும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வலது பக்கம் ஒடிப்பதாக வைத்துக்கொள்வோம். வலது டயரின் முன்பகுதி வெளியே போகும், பின்பகுதி உள்ளே வரும். அதன் பின் உள் ஓரம் ரேடியஸ் ஆர்மை, அதாவது ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் தண்டை, நெருங்கும். பின் வெளி ஓரம் பின்னோக்கி நகர்ந்து வீல் ஆர்ச்சின் (சக்கரம் நிற்கும் குழியின்) பின்சுவரையும் மட்ஃப்ளாப்பையும் நெருங்கும். அதே நேரத்தில் இடது டயரின் முன் வெளி ஓரம் பம்பர் மூலையை நோக்கிப் பாயும். ஒரே ஒடிப்பில் மூன்று இடங்கள், மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

35 டிகிரி ஒடிப்பு என்று எடுத்துக்கொண்டால், டயர் 10 மி.மீ. வெளியே வந்ததற்கு அதன் வெளி ஓரம் முன்னும் பின்னும் சுமார் 6 மி.மீ. கூடுதலாக எட்டும். விட்டம் கூடியதால் வரும் 20 மி.மீ. அந்தக் கோணத்தில் சுமார் 16 ஆகிறது. அப்படியானால் −5 ரிம்மில் பம்பரை நோக்கி 32 மி.மீ. கூடுதல் எட்டல், −20 ரிம்மில் 41. ரேடியஸ் ஆர்மிலிருந்து டயரைக் காப்பாற்றப் போய் பம்பரை அறுக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

உள்பக்கத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உள் தூரத்தைக் கம்பெனி அளவுக்கே கொண்டுவந்துவிட்டால் ரேடியஸ் ஆர்ம் உரசல் நின்றுவிடும் என்று தோன்றும். முழுதாக நிற்காது. ஒடித்த நிலையில் டயரின் கூடுதல் ஆரமும் உள்நோக்கித்தான் வருகிறது; 20 மி.மீ. ஆரம் 35 டிகிரியில் 11 மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளும். இதையும் ஆஃப்செட்டாலேயே ஈடுகட்ட நினைத்தால் −25 க்கும் கீழே போக வேண்டியிருக்கும். அதைவிடச் சின்ன வழி ஒன்று உண்டு: ஸ்டீயரிங் ஸ்டாப். ஸ்டீயரிங் எதுவரை ஒடியலாம் என்று தடுக்கும் சின்ன போல்ட் அது; சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் என்ற பாகத்தில் லாக் நட்டோடு இருக்கும். அதைச் சற்று வெளியே திருப்பி முழு ஒடிப்பை ஒரு டிகிரி குறைத்தால், டயருக்கும் ஆர்முக்கும் இடையே ஏறக்குறைய 4 முதல் 5 மி.மீ. திரும்பக் கிடைக்கும். மூன்று டிகிரி குறைத்தால் ஐந்து கதவு ஜிம்னியின் 5.7 மீட்டர் திரும்பும் ஆரத்தில் அரை மீட்டர்வரை கூடும். அது தினமும் தெரியும் இழப்புதான். ஆனால் ஆஃப்செட்டைக் குறைத்துப் பேரிங் தேய்வதையும் பம்பர் அறுப்பதையும் பார்க்கும்போது இது மலிவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்ப வேண்டும், லாக் நட்டை மறக்காமல் இறுக்க வேண்டும்.

"லிஃப்ட் கிட் போட்டா உரசாது" என்பது அடுத்த நம்பிக்கை. பாதி உண்மை. ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே திடமான குழாய். ரேடியஸ் ஆர்மின் ஒரு முனை அந்த ஆக்சிலோடுதான் பூட்டியிருக்கிறது. வண்டியின் உடலை 50 மி.மீ. உயர்த்தினாலும் டயருக்கும் ஆர்முக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஆக்சிலோடு கீழேயே நிற்கின்றன. லிஃப்ட் உதவுவது மேலே: ஃபெண்டர், வீல் ஆர்ச், ஓரளவு பம்பர். அதுவும் வண்டி சமதரையில் நிற்கும்போது. பாறையில் ஒரு சக்கரம் ஏறி ஸ்ப்ரிங் முழுக்க அமுங்கினால் டயர் பழைய உயரத்துக்கே போய்விடும். ஸ்ப்ரிங் அமுங்குவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து நீளமாக்கினால்தான் அந்த உயரம் நிரந்தரமாகக் கட்டுப்படும்.

லிஃப்ட் இரண்டு தொந்தரவுகளையும் கூடவே கொண்டுவரும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு ஒரு பக்கம் சேஸிஸிலும் மறுபக்கம் ஆக்சிலிலும் பிடித்திருப்பதால், உடல் உயர்ந்ததும் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். வலது பக்கம் உரசாமல் இடது பக்கம் மட்டும் உரசுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான், ரிம்மை அல்ல. நீளத்தை மாற்றும் வசதியுள்ள ராடு போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆஃப்செட் கணக்கே நிற்கும். இன்னொன்று, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்வதால் ஆக்சில் கொஞ்சம் பின்னுக்கு வரும், கேஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மறுப்பது அதனால்தான்.

ஆக்சில் சாயும்போது என்ன ஆகிறது என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஆஃப்ரோடில் உரசல் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கிறது. ஒரு சக்கரம் மேலே போனால் திட ஆக்சில் சாய்கிறது. மேலே போன டயரின் தலை உட்பக்கம் சாயும். 10 டிகிரி சாய்வில் டயரின் உச்சி அறுபது மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே வரும். மிதமான ஆஃப்செட் உள்ள டயர் அப்படியே ஃபெண்டர் உதட்டுக்கு உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்ளும். −20 ரிம்மில் உள்ள டயரோ வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், உள்ளே நுழைய முடியாமல் உதட்டின் மேலேயே போய் இடிக்கும். டயர் ஓரத்து ரப்பர் கட்டிகளான ஷோல்டர் பிளாக்குகள் வெட்டுப்படும், பிளாஸ்டிக் கிளாடிங் பிய்ந்து வரும். மாறாக, ஆஃப்செட் அதிகமாக இருந்தால் பின்சக்கரங்களில் டயரின் உட்பக்கம் உள் வீல் ஆர்ச்சையும் ஷாக் அப்சார்பரையும் தொடும். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு குறுகலான பட்டைதான் நமக்குக் கிடைப்பது. ஜிம்னியில் 235/75 க்கு 50 மி.மீ. லிஃப்ட்டோடு 6 ஜே, 0 முதல் −5 என்பதே நிதானமான தேர்வு. ஸ்டீயரிங் ஸ்டாப்பையும் மட்ஃப்ளாப்பையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மிச்சம் சரியாகிவிடும். 215/75 ஆர்15 போதும் என்றால், விட்டம் 10 மி.மீ. மட்டும் கூடுகிறது, கம்பெனி ரிம்மே தாங்கும். ஆஃப்செட் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆஃப்செட் மாற்றமே தேவையில்லாத ஒரு பெரிய வண்டியையும் பார்த்துவிடலாம். ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் இரண்டிலும் 17 அங்குல அமைப்பில் டயர் 265/65, ரிம் 7.5 ஜே, ஆஃப்செட் +30. பலரும் விரும்புவது 265/70 ஆர்17. விட்டம் 776 இலிருந்து 803 மி.மீ. ஆகிறது, அகலம் அதே 265. உள்பக்கம் அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டர்கூட நெருங்கவில்லை. இங்கே தோற்றத்துக்காக 0 அல்லது −12 ரிம் போட்டால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்ட கதை. டயரின் பின் வெளி ஓரம் முன் வீல் ஆர்ச்சின் பின்பக்கமுள்ள பாடி மவுண்ட்டை நோக்கி இறங்கும். 285/70 ஆர்17 போட்டு ஆஃப்செட்டையும் குறைத்தவர்கள் கடைசியில் அந்த மவுண்ட்டின் மூலையை அறுத்து மறுபடி வெல்டு வைக்கிறார்கள். சேஸிஸில் வெல்டிங் என்பது தெருமுனைப் பட்டறையில் செய்கிற வேலை அல்ல.

எனவே ரிம் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். அரைநாள் போதும். கம்பெனி டயர் மாட்டியிருக்கும் நிலையிலேயே தொடங்கலாம். சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயரின் உள் ஓரத்துக்கும் ரேடியஸ் ஆர்முக்கும், பிரேக் ஹோசுக்கும், சேஸிஸுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு முன் ஓரத்திலிருந்து பம்பர், பின் ஓரத்திலிருந்து ஆர்ச் சுவர், மட்ஃப்ளாப். மறுபக்கம் ஒடித்து மறுபடியும். கை நுழையாத சந்துகளில் பிசைந்த களிமண் உருண்டையை ஒட்டிவைத்து, ஒடித்து எடுத்தால் அமுங்கிய தடிமனே அளவு. அடுத்து ஒரு முன்சக்கரத்தை உறுதியான சாய்தளம் அல்லது மரக்கட்டையின் மேல் ஏற்றி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இதே அளவுகளை எடுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளப்பது தவறு. அங்கே ஸ்ப்ரிங் விரிந்திருக்கும், நமக்கு வேண்டியது அமுங்கிய நிலை.

கிடைத்த இடைவெளிகளிலிருந்து மேலே போட்ட கணக்கின் கூடுதல்களைக் கழித்தால், எந்த ஆஃப்செட்டில் எந்த இடம் மைனஸுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். அசையாத உலோகத்துக்கு 10 மி.மீ., பிரேக் ஹோசுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். மட் டயர்களின் பக்கச்சுவரில் வெளியே துருத்தும் கட்டிகள் இருக்கும். அச்சிட்ட 235 ஐ நம்பாமல், கடையில் காற்றடித்து நிற்கும் ஒரு டயரின் அகலத்தைக் கேலிப்பரிலோ இரண்டு மட்டப்பலகை வைத்தோ அளந்துவிடுவது நல்லது.

ரிம்மை மாற்றாமல், ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் தட்டு போட்டாலும் கணக்கு ஒன்றேதான். +5 ரிம்மில் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் −15. ஸ்பேசரின் நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஜிம்னிக்கு அது 108 மி.மீ. ஸ்டட்டை மட்டும் நம்பித் தொங்கும் மலிவான ஸ்பேசர் வேகத்தில் அதிரும், நட்டைத் தளர்த்தும். அலாய் ரிம் வாங்கும்போதும் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் பொருத்தமான வளையம் கேட்டு வாங்க வேண்டும்.

ஆஃப்செட்டை எவ்வளவுக்கு எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு வேறு செலவுகளும் ஏறும். பாரம் வீல் பேரிங்கிலிருந்து தள்ளி விழுகிறது, பேரிங் சீக்கிரம் போகும். டயரின் நடு, கிங்பின் கோட்டிலிருந்து விலகுவதால் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். சேறு ஃபெண்டரைத் தாண்டிக் கதவுகளில் அடிக்கும். இவை விட்டத்தால் வருவன அல்ல, ஆஃப்செட்டால் வருவன. விட்டத்தின் பங்கு வேறு: 235/75 இல் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது சக்கரம் கம்பெனி டயரைவிட 5.8 சதவீதம் அதிக தூரம் உருண்டிருக்கும். சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஃபெண்டருக்கு வெளியே நிற்கும் டயர் தூரத்திலிருந்தே கண்ணில் படும். காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புது ரிம்மோடு முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், கையேட்டில் சொன்ன அளவில். பிறகு வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கெல்லாம் புழுதி துடைத்து வைத்தது போலப் பளபளக்கிறதோ, டயர் தொட்ட இடம் அது. பிளாஸ்டிக் லைனரில் விரலகலம் பளபளப்பு என்றால் ஹீட் கன் வைத்து உள்ளே மடக்கிவிடலாம். ரேடியஸ் ஆர்மில் பெயின்ட் போயிருந்தால் ஸ்டாப்பை இன்னும் அரைச் சுற்று திருப்புங்கள். பிரேக் ஹோசில் ஒரு சின்னக் கோடு தெரிந்தாலும் அந்த ரிம் அன்றே கழற்றப்பட வேண்டும்.